ஃபுஸ்தாத்திலிருந்து திருப்பூருக்கு: ஒரு கண்ணியின் பயணம்

வீட்டில் கிடக்கும் பழைய பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் பொடிப் பொடியாக ‘வி’ வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெடுக வரிசை கட்டியிருக்கும். துணியைத் திருப்பிப் போட்டால் அவை மறைந்து, நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல அரைவட்டங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். வேட்டியில் இதைப் பார்க்க முடியாது, புடவையிலும் முடியாது. அங்கே பாவு நெடுக்கில் ஓடும், ஊடை குறுக்கில் ஓடும், இரண்டும் மேலும் கீழுமாக மாறிப் பிடித்துக்கொள்ளும். பனியனில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அடுத்த வரிசையில் வரும் நூல் அந்தக் கண்ணிக்குள் புகுந்து இன்னொரு கண்ணியாகிறது. மீன்வலையின் கண்ணிக்காவது முடிச்சு உண்டு; இதில் முடிச்சே கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்திருப்பது மட்டும்தான் துணி.

இழுத்தால் விரிவதும் விட்டால் சுருங்குவதும் அதனால்தான். நேராக ஓடும் நூலை இழுத்தால் அது எங்கே போகும்? வளைந்து கிடக்கும் நூலுக்கு நிமிர இடம் இருக்கிறது. பனியன் உடம்போடு ஒட்டுவதும், சாக்ஸ் குதிகாலைக் கவ்விப் பிடிப்பதும், தலையை நுழைத்த பிறகு ஸ்வெட்டரின் கழுத்து மறுபடி சேர்ந்துகொள்வதும் இந்த ஒரு வளைவின் வேலை.

இதையே கையால் செய்ய இரண்டு ஊசிகளும் ஒரு நூற்கண்டும் போதும். ஆனால் நிட்டிங் என்றாலே அது குளிர்நாட்டு வேலை, கம்பளி வேலை, ஊட்டி கொடைக்கானலை விட்டு இறங்கினால் நமக்கு ஆகாது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கண்ணி வந்த வழியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது.

கையால் பின்னிய துணிகளில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழையவை எகிப்தில் கிடைத்தவை. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் காலுறைகள், காலுறைத் துண்டுகள். அவற்றின் நூல் கம்பளி அல்ல, பருத்தி. வெள்ளை நூலும் அவுரியில் தோய்த்த நீல நூலும் மாறி மாறி வந்து பட்டைகளும் கோலங்களுமாக ஓடுகின்றன. சிலவற்றில் அரபு எழுத்தைப் போன்ற வடிவங்களையே வரிசையாகப் பின்னியிருக்கிறார்கள். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் மண்மேடுகளிலிருந்து இத்தகைய துண்டுகள் வந்தன. குஜராத்தில் அச்சிட்டுக் கப்பலேறிய பருத்தித் துணிகளும் அதே மேடுகளில்தான் கிடைத்தன. பருத்தி விளையும் நாடு, வெயில் காயும் நாடு. கண்ணியின் பிறந்த வீடு என்று கையில் ஆதாரத்தோடு காட்டக்கூடிய இடம் அதுதான்.

அதற்கும் முந்தைய எகிப்துக் காலுறைகள் இருக்கின்றன. செருப்பு வார் நுழையப் பெருவிரல் தனியாகப் பிரிந்த, சிவப்புக் கம்பளிக் காலுறை ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்வைக்கு அதுவும் பின்னல்தான். செய்த விதம் வேறு. காதுள்ள ஒற்றை ஊசியில் சின்னத் துண்டு நூலைக் கோத்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நூலின் முழு நீளத்தையும் இழுத்து எடுக்க வேண்டும். நூல் தீர்ந்தால் அடுத்த துண்டை ஒட்ட வேண்டும். பின்னலைக் கண்டவர் இந்தச் சிரமத்தைத்தான் விலக்கினார். நூலை வெட்ட வேண்டாம். கண்டு எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் குச்சியில் ஏறி வாயைத் திறந்தபடி காத்திருக்கும். இன்னொரு குச்சியால் ஒவ்வொன்றாகப் புது நூலை உள்ளே இழுத்தால் போதும். மிகச் சிறிய யோசனை. நான் அறிந்த கைவேலைகளில் இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு பெரிய காரியம் நடப்பது வேறெதிலும் இல்லை.

எகிப்திலிருந்து கண்ணி அரபு உலகத்தோடு சேர்ந்து மேற்கே போனது. ஸ்பெயினில் புர்கோஸ் நகரத்தை ஒட்டி லாஸ் உவெல்காஸ் என்றொரு கன்னியர் மடம் உண்டு. காஸ்டில் அரச குடும்பத்தின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் தலைக்கு அடியில் வைத்திருந்த தலையணையின் உறை, பட்டு நூலால் கையில் பின்னியது. ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 கண்ணிகள். இன்றைய பனியன் துணிக்குப் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு நெருக்கம். ஓரத்தில் ‘பரகத்’, அதாவது அருள் என்ற சொல் அரபு எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கிறிஸ்தவ இளவரசரின் தலைமாட்டில் முஸ்லிம் கைவினைஞரின் வாழ்த்து. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல்களில் இது ஒன்று.

1400ஐ ஒட்டி ஜெர்மானிய ஓவியர் பெர்ட்ராம் வரைந்த புக்ஸ்டஹூட பீடப் படத்தில் மாதா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். குழந்தைக்கு ஒரு சிறு சட்டை. கழுத்துப் பகுதி முடியப் போகிறது. ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தில் நான் கவனிப்பது ஊசிகளை. நான்கு ஊசிகள். துணி உருளையாக, சுற்றிச் சுற்றி வளர்கிறது. காலுறை, தொப்பி, சட்டை என்று அந்தக் காலத்தில் பின்னியவை பெரும்பாலும் உருளைகள்தான். உருளையாகப் பின்னினால் எப்போதும் வெளிப்பக்கம் மட்டுமே நம்மைப் பார்த்திருக்கும். ஆகவே ஒரே வகைக் கண்ணி போதும்.

ஊசியைத் திருப்பி, தட்டையாகப் பின்னத் தொடங்கும்போதுதான் உள்பக்கத்திலிருந்தும் வேலை செய்ய வேண்டிவரும். அப்போது கண்ணியை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டும். இதைத்தான் பர்ல் என்கிறார்கள். வெளிப்பக்கத்தில் ‘வி’ தரும் நேர்க்கண்ணி நிட். கற்றுக்கொள்ள வருகிறவர்களை முதல் வாரத்திலேயே மிரட்டும் இந்தப் பர்ல், வரலாற்றிலும் தாமதமாகத்தான் வந்தது. 1562இல் இறந்த டோலேடோவின் எலியனோரா, ஃப்ளோரன்ஸ் பிரபு கோசிமோ மெடிசியின் மனைவி, அடக்கம் செய்யப்பட்டபோது அணிந்திருந்த சிவப்புப் பட்டுக் காலுறைகளில் பர்ல் கண்ணிகளால் போட்ட கோலம் இருக்கிறது. பர்லுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அது ஒன்று. எகிப்தின் காலுறைகளுக்கும் இதற்கும் இடையே நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. புதிதாக ஊசி பிடிக்கிறவர் பர்லுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் என்ன?

அதற்குள் பின்னல் ஐரோப்பாவில் பெரிய தொழிலாகியிருந்தது. இங்கிலாந்தில் 1571இல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரபுக்கள் போன்ற சிலர் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாள்களிலும் பின்னிய கம்பளித் தொப்பி அணிய வேண்டும். தொப்பி பின்னுகிறவர்களின் பிழைப்பைக் காக்கத்தான். 1597இல் அதை நீக்கினார்கள். கைவினைச் சங்கங்களில் இது ஆண்களின் தொழில். அல்சாஸ் பக்கத்தில் தேர்ந்த கைவினைஞர் என்ற பெயர் வாங்க, பூவும் விலங்குமாகப் பல வண்ணத்தில் பின்னிய கம்பளம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. பின்னல் பெண்களின் பொழுதுபோக்கு என்று முத்திரை விழுந்தது வெகு பின்னால். பெரு நாட்டின் டிடிகாகா ஏரியில் இருக்கும் டாகீலே தீவில் இன்றும் ஆண்கள்தான் பின்னுகிறார்கள். சிறுவனாக இருக்கும்போதே கற்றுக்கொண்டு தன் தொப்பியைத் தானே பின்னிப் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். அங்கே கண்ணியைக் கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள்.

இப்போது 1589க்கு வருவோம். நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் கால்வர்டன் என்ற கிராமம். வில்லியம் லீ என்ற பாதிரியார் பின்னும் பொறி ஒன்றைச் செய்தார். தான் விரும்பிய பெண் எப்போதும் பின்னலிலேயே கண்ணாக இருந்ததால் கோபத்தில் செய்தார் என்று ஒரு கதை உண்டு; மனைவியின் சிரமம் தாளாமல் செய்தார் என்று இன்னொரு கதை. கதை எதுவானாலும் யோசனை அபாரமானது. கையில் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாமே ஒரே ஊசியில் குந்தியிருக்கின்றன; ஒவ்வொன்றாகத்தான் வேலை நடக்கும். லீ ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக ஒரு கொக்கி ஊசியைக் கொடுத்தார். நூலை எல்லா ஊசிகளின் மேலும் போட்டு அழுத்தினால் ஒரு வரிசை முழுவதும் ஒரே மூச்சில் விழும். எலிசபெத் ராணி காப்புரிமை தரவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் எளியவர்களின் வாயில் மண் விழும் என்று அஞ்சினார் என்பார்கள். முதலில் கம்பளிக்கு ஏற்ற முரட்டுப் பொறியாக இருந்ததை லீ பட்டு பின்னும் அளவுக்கு நுணுக்கமாக்கினார். அப்போதும் அனுமதி கிடைக்கவில்லை. பிரான்சுக்குப் போனார். நான்காம் ஹென்றி மன்னர் ஆதரவு தந்தார். 1610இல் மன்னரைக் கொன்றுவிட்டார்கள். லீ சில ஆண்டுகளில் பாரிஸில் இறந்தார். அவருடைய தம்பி ஜேம்ஸ் பொறிகளோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். தொழில் அதன் பிறகுதான் வேர்விட்டது.

லீயின் பொறிக்கு நேர்க்கண்ணி மட்டுமே தெரியும். 1758ஐ ஒட்டி டார்பியில் ஜெடிடையா ஸ்ட்ரட் அதோடு இன்னொரு ஊசி வரிசையைச் சேர்த்து, நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் துணியைப் பொறியில் கொண்டுவந்தார். உங்கள் டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியை இழுத்துப் பாருங்கள்; அது ரிப். 1811இல் நாட்டிங்காம்ஷயரில் தொழிலாளர்கள் பொறிகளை உடைத்தார்கள். லுட்டைட் என்று வரலாறு அவர்களை முன்னேற்றத்தின் எதிரிகளாகவே எழுதிவைத்திருக்கிறது. அது அநியாயம். பொறியோடு இரண்டு நூற்றாண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். குறைந்த கூலியும், காலுக்கேற்ற வடிவத்தில் பின்னாமல் அகலத் துணியை வெட்டித் தைத்து விற்ற மட்டமான காலுறைகளும்தான் அவர்களைக் கொதிக்கவைத்தன. 1812இல் பொறியை உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சை அந்த மசோதாவுக்கு எதிராகத்தான் பேசினார்.

பிறகு 1816இல் மார்க் புருனெல் வட்டப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1840களின் கடைசியில் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்சென்ட் கொக்கியின் வாயைத் தானே மூடித் திறக்கும் சிறு நாக்கு வைத்த ஊசியைக் கொடுத்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நொய்யல் கரைத் திருப்பூரில் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

திருப்பூருக்குப் பனியன் பொறிகள் 1920களில் வந்தன. 1970களின் இறுதியில் ஏற்றுமதி பிடித்தது. அதன் பிறகு நடந்தது எல்லாரும் அறிந்த கதை. நிட்டிங் கம்பெனிக்குள் போனால் மேலே கோன்களிலிருந்து நூல் இறங்கும், நடுவில் உருளை சுற்றும், கீழே துணி குழாயாகச் சுருண்டு இறங்கும். 30 அங்குல டயா, 24 காஜ் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உருளையின் விட்டம் 30 அங்குலம், அங்குலத்துக்கு 24 ஊசி என்று அர்த்தம். கணக்குப் போட்டால் அந்த ஒரு வட்டத்தில் 2,260 ஊசிகள் சொச்சம். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கண்ணி. உருளையாகச் சுற்றிச் சுற்றி வளரும் வெள்ளைப் பருத்தித் துணி. எகிப்தின் காலுறையும் அப்படித்தான் வளர்ந்தது. குளிர்நாடுகளுக்குப் போய்க் கம்பளி உடுத்தி, இரும்புக்குள் புகுந்த கண்ணி, இங்கே வந்து மறுபடி வெயிலோடும் பருத்தியோடும் பழைய உருளையோடும் சேர்ந்துவிட்டது.

வராதது கைதான். கைப்பின்னல் இந்தியாவுக்கு வந்தது மிஷன் பள்ளிகள், ராணுவக் குடியிருப்புகள், மலை ஊர்கள் வழியாக. வடக்கே அது வீட்டுக்கு வீடு பரவியது. லூதியானாவின் கம்பளி நூல் ஆலைகள் அதற்குத் தீனி போட்டன. தமிழ்நாட்டில் மேச்சேரி ஆட்டிலும் வேம்பூர் ஆட்டிலும் பின்னுவதற்கான கம்பளி கிடையாது. நீலகிரியில் உண்டு: சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து சாண்டினோ என்ற இனத்தையே உருவாக்கினார்கள். ஆனாலும் கம்பளி நமக்கு மலையின் பொருளாகவே நின்றுவிட்டது, கூடவே இரண்டு ஊசிகளும். நூலை மாற்றியிருந்தால் போதும் என்பது நமக்குத் தோன்றவில்லை.

இனித் தொடங்குவதைப் பற்றி. பருத்தியைத் தூக்கிப் பேசிய பிறகு இதைச் சொல்வது முரணாகப் படலாம்; ஆனாலும் முதல் கண்டு பருத்தியாக இருக்க வேண்டாம். பருத்தி நூல் கொடுத்து வாங்காது. பழகாத கை இறுக்கமாகப் பின்னும், விரல் வலிக்கும். நடுத்தரத் தடிமனில் முறுக்கு நன்றாக உள்ள அக்ரிலிக் அல்லது கம்பளி கலந்த நூல் ஒரு கண்டு எடுங்கள். ஊட்டிக் கடைவீதியில் உல்லன் விற்கும் ஓர் அம்மா, கறுப்பு நூலை ஆசையோடு எடுத்த கல்லூரிப் பெண்ணிடம், “அது வேண்டாம் கண்ணு. மொதல்ல வெளிர் கலர்ல எடு. கண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கை பழகும்” என்றார். எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடாது.

ஊசி எட்டாம் நம்பர் கேளுங்கள். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான் ஓடுகிறது. எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டு என்றால் 4 மில்லிமீட்டர், ஆறு என்றால் 5, பத்து என்றால் 3.25. மூங்கில் ஊசி கிடைத்தால் விடாதீர்கள். அலுமினியத்தில் கண்ணி வழுக்கிக்கொண்டு ஓடும், மூங்கில் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். வேறெதுவும் வாங்க வேண்டாம். கத்தரிக்கோலும் ஒரு குரோஷா ஊசியும் வீட்டில் இருந்தால் சரி.

ஊசியில் இருபது கண்ணி ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும் விதங்கள் பல. நூலின் வாலை நீளமாக விட்டு இடது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மாட்டி ஏற்றுவது நல்ல ஓரம் தரும். யாராவது ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதற்கப்புறம் நான்கே அசைவு. குத்து, சுற்று, இழு, இறக்கு. இடது ஊசியில் இருக்கும் முதல் கண்ணிக்குள் வலது ஊசியை முன்னிருந்து பின்னாகக் குத்த வேண்டும். அதன் நுனியில் நூலை ஒருதரம் சுற்ற வேண்டும். சுற்றிய நூலைக் கண்ணியின் வழியே இழுத்து முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். இருபதும் வலது ஊசிக்குப் போனதும் ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி தொடங்க வேண்டும். நூலை எந்தக் கையில் பிடிப்பது என்று குழம்ப வேண்டாம். ஆங்கிலேயர் வலது கையில் பிடித்து வீசுவார்கள், ஜெர்மானியர் இடது கையில் வைத்துக் கொத்தி எடுப்பார்கள், போர்ச்சுக்கலிலும் ஆண்டிஸ் மலைகளிலும் கழுத்தைச் சுற்றி விட்டுக்கொள்வார்கள். வருவது ஒரே கண்ணிதான்.

முதல் நான்கைந்து வரிசைகள் கோணல்மாணலாகத்தான் வரும். பரவாயில்லை, தொடருங்கள். எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும். மேடுகளை எண்ணினால் எத்தனை வரிசை என்று தெரிந்துவிடும். இருபது கண்ணியாகத் தொடங்கியது எப்படியோ இருபத்திநான்காகிவிட்டது என்பது எல்லாரும் சொல்லும் புகார். அது பெரும்பாலும் ஓரத்தில் நடக்கிறது. வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் ஏறிக் கிடந்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே வந்து, ஒன்று இரண்டாகத் தெரியும். கை இரண்டையும் பின்னிவிடும். ஒவ்வொரு வரிசைக்கு முன்னும் நூலைக் கீழே இழுத்துவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றிப் பின்னினால் பனியனின் முகம் வரும். ஓரங்கள் சுருண்டுகொள்ளும். கை சரியில்லை என்று புதியவர்கள் கலங்குவது இந்த இடத்தில்தான். கையில் ஒரு குறையும் இல்லை. அந்தத் துணியின் குணமே சுருளுவது. திருப்பூரில் கட்டிங் டேபிளில் நிற்பவர்களைக் கேளுங்கள், சிங்கிள் ஜெர்சி என்னும் பனியன் துணியின் ஓரம் அவர்களையும் படுத்தும். ஓரத்தில் நாலைந்து கண்ணியை இரு பக்கமும் நிட்டாகவே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் நெஞ்சு திக்கென்று ஆகும். பதறாதீர்கள், இழுக்காதீர்கள். அது வரிசை வரிசையாக இறங்கி ஏணிப்படி போட்டிருக்கும். குரோஷா ஊசியை அந்தக் கண்ணியில் கொடுத்து, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதற்குள் இழுத்து மேலே ஏற்றி, ஊசியில் திரும்ப மாட்டுங்கள். விழுந்த இடம் தெரியாது. பொறியில் ஊசி நாக்கு உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். கவனிக்காமல் விட்டால் அத்தனை மீட்டரும் கழிவு. கையில் அந்த நஷ்டமே இல்லை. பின்னலில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தப்பாகிவிட்டதா, ஊசியை உருவிவிட்டு நூலை இழுங்கள். வெட்டாத நூல் முழுசாகத் திரும்பி வரும். மரத்தை அறுத்தால் அறுத்ததுதான், துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னல் ஒன்றுதான் கற்றுக்கொள்ள வருகிறவரின் பிழைக்குக் கூலி கேட்பதில்லை. குழந்தை வளர்ந்ததும் சின்னதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டுச் சுருக்கம் போக்கி, அடுத்த அளவில் பின்னிய வீடுகள் எத்தனையோ.

கை பழகியதும் பருத்திக்கு வாருங்கள். முகம் துடைக்க ஒரு சதுரத் துண்டு முதலில் போதும். முப்பது கண்ணி சொச்சம். நீளமும் அகலமும் சரியாகும்வரை பின்னி முடித்துவிடலாம். அடுத்து பச்சைக் குழந்தைக்கு ஒரு தொப்பி. சென்னையிலும் மதுரையிலும்கூடப் பிறந்த குழந்தைக்குத் தொப்பி போடாத வீடு உண்டா? கம்பளித் தொப்பியில் அந்தத் தலை வியர்த்துப்போகிறது, பருத்தியில் பின்னுங்கள். அளவு தவறாமலிருக்க முதலில் மாதிரித் துண்டு ஒன்று பின்னி, ஸ்கேல் வைத்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். 20 வந்தால் 80 கண்ணியில் 40 சென்டிமீட்டர் சுற்றளவு. உங்கள் கை கொஞ்சம் இறுக்கமாகி 22 வந்தால் அதே 80 கண்ணி 36 சென்டிமீட்டர்தான். தொப்பி ஆறு மாதக் குழந்தைக்குப் பதில் பிறந்த குழந்தைக்குத்தான் சேரும். மாதிரி பின்னச் சோம்பல்படுகிறவர்கள் இதை மனதில் வைக்கட்டும்.

தொப்பியை வட்ட ஊசியில், உருளையாகவே பின்னுங்கள். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன், தொலைக்காட்சியிலும் 1971இல் வந்த தன் புத்தகத்திலும் ஓயாமல் வலியுறுத்தியது இதைத்தான்: சுற்றிப் பின்னுங்கள், பர்லும் வேண்டாம், தையலும் வேண்டாம். பழைய முறையை அவர் மீட்டுக் கொடுத்தார். வடிவத்தைப் பின்னும்போதே கொண்டுவந்துவிடலாம். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பத்து வரிசை தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதைப் பின்னியவர்கள் அறிவார்கள். கண் ஊசியை விட்டு விலகும். கை தானாகக் குத்தும், சுற்றும். பேச்சு கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், மருத்துவமனை வராந்தாவில் டோக்கனுக்குக் காத்திருக்கலாம். காத்திருந்த நேரம் மடியில் அங்குலம் அங்குலமாக அளக்கக்கூடியதாகக் கிடக்கும். கையில் போன் இருக்கும் காலத்தில் இது சாதாரணக் காரியமில்லை. செய்து முடித்ததை ஒருவர் தலையில் போட்டுப் பார்க்கும் சந்தோஷம் தனி.

திருப்பூருக்கு ஒரு வேண்டுகோள். பனியனுக்கு ஓடும் 30ஆம் நம்பர் பருத்தி நூல் கைக்கு ரொம்பவும் மெல்லியது. ஆனால் அதிலேயே 20 இழை சேர்த்து முறுக்கினால் எட்டாம் நம்பர் ஊசிக்குச் சரியான தடிமன் வந்துவிடும். பன்னிரண்டு இழை சேர்த்தால் குழந்தைத் துணிக்கான மெல்லிய நூல். வெளிர் நிறங்களில் 50 கிராம் கண்டுகளாகச் சுற்றி, எந்த ஊசி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டி விற்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற அளவுகளோடு தமிழில் ஒரு நல்ல கைப்பின்னல் புத்தகமும் வரட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, வெளிர் நிறத்தில் ஒரு கண்டு; வருகிற ஞாயிற்றுக்கிழமை இருபது கண்ணி ஏற்றிவிடுங்கள்.